பதினாறு அடித் துணி

அன்று காலை அந்தக் கூடத்தில் இருந்தவர்கள் யார் யார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்ததற்கு ஆளாளுக்குக் கண், காது, மூக்கு வைத்துப் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

சங்கத்தின் தலைவரான வக்கீல் இருந்தார். சங்கத்தின் வரலாற்றைப் புத்தகமாக எழுதிய ஆய்வாளர், முப்பது வயதுப் பெண், அவருக்குப் பக்கத்தில் இருந்தார். கண்காட்சிக்குச் சட்டங்கள் அடித்துக் கொடுத்த பிரேம்காரர் கடைசி வரிசையில் இருந்தார். வாசல் கதவை ஒட்டி, உட்கார நாற்காலி கிடைக்காமல், குண்டூசி நின்றிருந்தாள். திருநங்கை, இரண்டு தெரு தள்ளித் துணி தேய்க்கும் கடை வைத்திருப்பவள். என் மனைவியின் தம்பி இருந்தான். என்னைக் காரில் அழைத்து வந்தவன் அவன்தான். நாற்காலிகளில் மற்றவர்கள் ஐம்பத்தெட்டுப் பேர். எண்ணினேன். நூற்றுக்கும் மேற்பட்டோர் என்று சங்கம் எழுதியிருப்பது தவறு. பிறகு நான்.

வராதவள் ஒருத்தி. என் தங்கை. அவளை அவர்கள் அழைக்கவில்லை. அதற்கு அவர்கள் சொன்ன காரணத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் முப்பத்தைந்து வருடம் எடை அளவு ஆய்வாளராக இருந்தவன். கடைத் தராசு, எண்ணெய் அளக்கும் லிட்டர், துணிக்கடை மீட்டர்க்கோல் எல்லாவற்றையும் சோதித்து முத்திரை குத்துவது என் வேலை. குறைந்த கோலை முழங்காலில் வைத்து உடைத்து, கடைக்காரன் கையிலேயே கொடுத்துவிட்டு வருவேன். எங்கள் குடும்பத்தை யாரும் ஒரு சொல் சொன்னதில்லை. சொல்லவிடாமல் பார்த்துக்கொண்டேன். எப்படிப் பார்த்துக்கொண்டேன் என்பதையும் மறைக்கப்போவதில்லை.

என் தங்கை பிறந்தபோது தம்பி என்று எழுதினார்கள். பத்தொன்பது வயதில் அவள் பெண் உடையில் கூடத்தில் வந்து நின்றாள். அவள் வீட்டை விட்டு ஓடிவிட்டதாக அக்கம்பக்கத்தில் பேசினார்கள். ஓடவில்லை. அப்பா கதவைத் திறந்தார், நான் அவள் பெட்டியை வெளியே வைத்தேன். அடுத்த வருடம் எனக்குப் பெண் பார்த்தபோது, பெண் வீட்டார், “இன்னொரு பையன் இருந்தானே?” என்று கேட்டார்கள். காய்ச்சலில் போய்விட்டான் என்று நான்தான் சொன்னேன். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். நான் குனியவில்லை. அன்று முதல் அவள் இறந்தவள்.

இறந்தவள் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு அறையில் ஆறு பேரோடு இருந்தாள். தையல் மெஷின் ஓட்டினாள். சண்டை சச்சரவு என்று யார் வந்தாலும் இரண்டு பக்கமும் கேட்டுத் தீர்ப்புச் சொல்வாளாம். அதனால் ஜட்ஜம்மா என்று பெயர் வந்தது.

அந்தக் காலத்தில் ஆணை விரும்பும் ஆண்களும் பெண்ணை விரும்பும் பெண்களும் இந்த ஊரில் திரை போட்ட அறைகளில் கூடிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அதில் தப்பில்லை, பயம் எல்லோருக்கும் உண்டு. ஆனால் போலீஸ் பிடித்தது சாத்திக்கொள்ளக் கதவில்லாதவர்களை. பூங்காவிலும் பேருந்து நிலையத்திலும் நின்றவர்களை. ஒரு வாரத்தில் மூன்று முறை பிடித்தார்கள். நான்காவது முறை பிடிக்க வரும் முன் ஜட்ஜம்மாவும் அந்த ஆறு பேரும் ஒரு பேனர் தைத்துக்கொண்டு, பட்டப்பகலில், காவல் நிலைய வாசலிலிருந்தே ஊர்வலம் கிளப்பினார்கள். முப்பத்தொரு வருடம் முன்பு. “நாங்களும் இந்த ஊர்தான்” என்பதுதான் பேனரில் இருந்த வாசகம். ஏழு பேராகக் கிளம்பி, கடைத்தெருவைத் தாண்டும்போது நாற்பது பேர் ஆனார்கள். அந்த நாற்பதில் ஒருவர், மூக்கு வரை கைக்குட்டை கட்டிக்கொண்டு, பின்னால் வந்து சேர்ந்தவர். அவர் இன்று வக்கீல், இவர்கள் எல்லோருடைய உரிமைக்காகவும் பிறகு தொடங்கிய சங்கத்தின் தலைவர்.

இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. ஆறு வருடம் முன்பு, அலமாரியைச் சுத்தம் செய்த என் மனைவி பழைய கடிதம் ஒன்றைக் கண்டுபிடித்தாள். தங்கை எழுதியது, நான் பதில் போடாதது. அவள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேரே பேருந்து நிலையத்துக்குப் பின்னால் போய் விசாரித்து, மூட்டு தேய்ந்து படியேற முடியாமல் கிடந்தவளைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்து, எங்கள் மாடி அறையில் வைத்தாள். படியேற முடியாதவளை மாடியிலா என்று கேட்டேன். “ஏற நான் கை குடுக்கறேன். நீங்க வாயைக் குடுக்காம இருங்க. குடியிருக்கறவங்கன்னு சொல்லிக்கோங்க, உங்க மானம் கப்பலேறிடாது” என்றாள்.

அப்படியேதான் சொன்னேன். மாடியில் ஒரு தையல்கார அம்மா குடியிருக்கிறார். என் மனைவி இரண்டு வருடம் முன்பு இறந்த பிறகும் அதைத்தான் சொன்னேன். மனைவியின் தம்பிகூட அந்த அம்மாவிடம் நான்கு சட்டை தைத்துப் போட்டிருக்கிறான்.

அந்த ஊர்வலத்தைப் பற்றிச் சங்கம் நடத்தும் கண்காட்சி பேப்பரில் வந்த அன்று, சோறு எடுத்துக்கொண்டு மேலே போனபோது அந்தப் பக்கத்தைத் தட்டில் வைத்தேன்.

“நீ போ,” என்றேன். “நீதானே முன்னால் நின்றவள்.”

“செத்தவ எப்படிண்ணா விழாவுக்குப் போறது? பயந்துருவாங்க.”

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

“பேனர் இருக்கான்னு மட்டும் பாத்துட்டு வா,” என்றாள். “பதினாறு அடி. கடைசி ரெண்டடியில நாங்க ஏழு பேரும் அவங்கவங்க பேரை அவங்கவங்க கையால தச்சிருக்கோம். அது இருந்தாப் போதும் எனக்கு. இருக்கான்னு பாரு. ஊர்ல இருக்கற கோலையெல்லாம் அளந்தவன், எங்க துணியையும் ஒரு தடவை அளந்துட்டு வாயேன்.”

ஆகவே என் இரும்பு டேப்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனேன். கண் மங்கியதால் கார் ஓட்டுவதை விட்டுவிட்டேன், மைத்துனனை அழைத்தேன். எதற்கு என்று சொல்லவில்லை. பழைய நண்பர் ஒருவரின் விழா என்றேன்.

வாசலிலேயே முதல் எரிச்சல். கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு தொண்டன் குண்டூசியை நிறுத்தி வைத்திருந்தான்.

“டான்ஸ் புரோகிராம் சாயந்தரம்தான்க்கா. அப்ப வாங்க.”

“நான் டான்ஸுக்கு வரல தம்பி.”

“அழைப்பிதழ் இருக்காக்கா?”

“முப்பத்தோரு வருஷம் முன்னாடி இதே தெருவுல என்னை அடிச்சப்ப யாரும் அழைப்பிதழ் கேக்கலியே.”

அவன் என்னைப் பார்த்தான். வெள்ளைச் சட்டை, நரைத்த மீசை. அழைப்பிதழ் என்னிடமும் இல்லை. “வாங்க ஐயா, முன்னாடி உக்காருங்க,” என்றான். அவளை என்னோடு வந்தவள் என்று சொல்லி உள்ளே அழைத்துப் போனேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்து, என் முகத்தில் ஜட்ஜம்மாவின் ஜாடை தெரிந்ததோ என்னவோ, “நீங்கதான் அந்த அண்ணனா?” என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்வியில் மரியாதை இல்லை. இருக்கவேண்டிய அவசியமும் இல்லை.

வக்கீல் பேசினார். நன்றாகப் பேசுவார். இப்படி விரும்புவதைக் குற்றமாக்கிய சட்டத்தை எதிர்த்து வழக்கு நடந்த பதினோரு வருடம், கிடைத்த தீர்ப்பு, உலகமே திரும்பிப் பார்த்தது. ஊர்வலத்தைப் பற்றிச் சொல்லும்போது, “அன்னைக்கு நாங்க நாற்பது பேர் பயத்தை உதறிட்டுத் தெருவில இறங்கினோம்” என்றார். நாங்க. கைக்குட்டையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சுவரில் அந்த ஊர்வலத்தின் படம் பெரிதாக மாட்டியிருந்தது. படத்தில் பேனர் இல்லை. பேனரைப் பிடித்திருந்தவர்களும் இல்லை. இரண்டாம் வரிசையிலிருந்து படம் ஆரம்பித்தது. படத்தின் கீழ் ஓரத்தில் யாரோ ஒருத்தியின் கொண்டை மட்டும், வெட்டியும் போகாமல், மேடு மாதிரித் தெரிந்தது.

பேச்சு முடிந்து எல்லோரும் சுவர்களைப் பார்க்க எழுந்தார்கள். பேனர் எதிர்ச் சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தது. கீழே அச்சிட்ட அட்டை: “முதல் ஊர்வலத்தின் பேனர். நீளம் பதினாறு அடி. தைத்தவர்கள் யாரெனத் தெரியவில்லை.”

டேப்பை எடுத்தேன். ஒரு முனையைப் பிடித்துக்கொள்ளும்படி மைத்துனனிடம் சொன்னேன். அவன் கூச்சத்தோடு சுற்றுமுற்றும் பார்த்தான்.

“அத்தான், ரிட்டையர் ஆகி பதினாறு வருஷம் ஆச்சு.”

“பிடி.”

பதினான்கு அடி. மறுபடியும் அளந்தேன். பதினான்கு அடி, அரை அங்குலம்.

“இந்த அட்டையில் பொய் எழுதியிருக்கிறது,” என்றேன். நான் மெதுவாகப் பேசிப் பழகாதவன். கூடம் திரும்பியது.

வக்கீல் வந்தார். “சார், நீங்க யாருன்னு...”

“யாராயிருந்தாலும் அளவு ஒன்றுதான். இரண்டடி எங்கே?”

பதில் கடைசி வரிசையிலிருந்து வந்தது. பிரேம்காரருக்குத் தன் வேலையைக் குறை சொல்கிறார்கள் என்று தோன்றியிருக்க வேண்டும். “துணி முழுசா இருக்குங்க. நான் வெட்டல. மடிச்சுப் பின்னால அடிச்சிருக்கேன். பதினாறடிக்குத்தான் கண்ணாடி சொல்றேன்னேன், மடிச்சிருங்கன்னு சொன்னாங்க.”

“யார் சொன்னது?”

அவர் வக்கீலைப் பார்த்தார். பிறகு தன் செருப்பைப் பார்த்தார்.

“அந்த முனையில பெரிய கறை இருக்கு சார்,” என்றார் வக்கீல். “பாக்க நல்லாயில்ல. பத்திரிகைக்காரங்க வர்ற இடம்.”

“கறையா?” கதவோரத்திலிருந்து குண்டூசி முன்னால் வந்தாள். அவள் வர ஜனம் விலகியது. மரியாதையால் விலகியதாக நான் நினைக்கவில்லை. “அது மின்னலோட ரத்தம். லத்தியால மண்டை பொளந்தப்ப, அந்த முனையைத்தான் சுத்திக் கட்டினோம். நீயும்தானே ஒரு கை பிடிச்சே? பிடிச்சுட்டு ஓடினியே, அதுவும் ஞாபகம் இருக்கு.”

வக்கீல் அவளை உற்றுப் பார்த்தார். “நீங்க...”

“சரியாப் போச்சு! ஒன் கறுப்புக் கோட்டை வாராவாரம் தேய்ச்சுத் தர்றவ யாருன்னு தெரியாது? கோட்டு மட்டும் மடிப்புக் கலையாம வேணும். ‘தைத்தவர்கள் யாரெனத் தெரியவில்லை’யாம். ரெண்டு தெரு நடந்தாத் தெரிஞ்சிருக்கும்.”

சிலர் சிரித்தார்கள். வக்கீல் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. அதுதான் என்னை இன்னும் சூடாக்கியது. பொறுமையான குரலில், குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னார்: “அக்கா, உங்க பங்கை யாரும் மறுக்கல. கோர்ட்டுக்குப் போனப்ப நிலைமை வேற. ஆசிரியர், டாக்டர், குடும்பஸ்தன்னு காட்டினாத்தான் நீதிபதி காது குடுப்பார். அதனாலதான் அப்ப உங்களையெல்லாம் கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்கன்னு கேட்டுக்கிட்டோம். தீர்ப்பு வர்ற வரைக்கும்.”

“தீர்ப்பு வந்து ஒம்பது வருஷம் ஆச்சு,” என்றாள் குண்டூசி. “இன்னும் ஒதுங்கித்தான் நிக்கறோம். கால் வலிக்குது. எப்ப வரச் சொல்லுவே?”

நான் கையை ஓங்கவில்லை. ஓங்கியதாகவும் ஒரு பேச்சு இருக்கிறது. “பேனரை முன்னால் பிடித்திருந்தவள் ஜட்ஜம்மா. அவள் பெயர் உங்கள் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?” என்று கேட்டேன், அவ்வளவுதான்.

ஆய்வாளர்ப் பெண் அப்போதுதான் வாய் திறந்தார். அவருக்கு முகம் சிவந்திருந்தது. கையில் அந்தப் புத்தகம்.

“இருக்காங்க சார். அடிக்குறிப்பில ஒரு வரி. அவங்களைப் பத்தி நிறைய எழுதணும்னுதான் தேடினேன். அவங்க வீட்டு நம்பர் கிடைச்சு, நாலு வருஷம் முன்னாடி போன் பண்ணினேன். அண்ணன்னு ஒருத்தர் எடுத்தார். ‘அவன் செத்து நாற்பத்து மூணு வருஷம் ஆச்சு, இந்த வீட்டுக்கு இனிமே போன் பண்ணாதே’ன்னு சொல்லி வெச்சுட்டார். நாற்பத்து மூணு வருஷம்னா, ஊர்வலத்துக்கு முன்னாடியே செத்திருக்கணும். வருஷமே ஒத்து வரல. அப்புறம் யாரை நம்பி எழுதறது? கமிட்டியில சொன்னேன். அப்படி ஒரு ஆளே இருந்தாங்களாங்கறது சந்தேகம், ஊர்வலத்தை யார் நடத்தினாங்கன்னு உறுதியாத் தெரிஞ்சதை மட்டும் எழுதுன்னாங்க.”

உறுதியாகத் தெரிந்தது வக்கீலின் பெயர்.

அந்தப் பெண் சொன்னதில் ஒரு சொல்கூடப் பிசகில்லை. அந்தத் தொலைபேசியை எடுத்தபோது நான் சாப்பாட்டு மேசை அருகே நின்றிருந்தேன். தலைக்கு மேலே மாடியில் அவள் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் போனில் கேட்டுவிடுமோ என்று வாயருகே கையை வைத்துக்கொண்டு, அவள் செத்துவிட்டாள் என்று சொன்னேன்.

ஆக, துணியை மடித்தவன் வக்கீல். மடிக்க முதலில் இடம் காட்டியவன் நான்.

“அந்த அண்ணன் நான்தான்,” என்றேன்.

மைத்துனன் என் முழங்கையைப் பிடித்தான். “அத்தான். என்ன சொல்றீங்க? எந்த அண்ணன்? எந்தத் தம்பி?”

“உங்கள் வீட்டில் பெண் எடுத்தபோது காய்ச்சலில் இறந்துவிட்டதாகச் சொன்னேனே, அவள். இறக்கவில்லை. பொய் சொன்னேன்.”

“அத்தான், வெளிய போய்ப் பேசிக்கலாம். ஐம்பது பேர் பாக்கறாங்க. எங்க பாப்பாவுக்கு அடுத்த மாசம் நிச்சயம் வெச்சிருக்கு.” பிறகு அவன் பிடி தளர்ந்தது. “இருங்க, இருங்க. மாடியில... அந்தத் தையல்கார அம்மாவா?”

“ஆமாம்.”

“எனக்கு நாலு சட்டை தச்சுக் குடுத்தாங்களே!”

“ஐந்தாவது தைக்கவேண்டுமானால் இனிமேல் முறை சொல்லிக் கூப்பிடு.”

அவன் கையை எடுத்துவிட்டான். மானம் என்பது என்ன என்று இந்த நாற்பது ஐம்பது வருடமாக நான் அவனுக்கெல்லாம் பாடம் எடுத்திருக்கிறேன். கல்யாண வீடுகளில் எனக்கு முதல் நாற்காலி போடுவார்கள். அந்த நாற்காலியில் பொய்யின் மேல் உட்கார்ந்திருந்தேன். அளவு குறைந்த கோலை உடைத்துப் போட்டவன், என் வீட்டில் ஒரு ஆளையே குறைத்துவிட்டு முத்திரையும் குத்தி வைத்திருந்தேன்.

வக்கீலிடம் திரும்பினேன். “ஆள் உயிரோடு இருக்கிறாள். அறுபத்தேழு வயது. ஞாபகம் நன்றாக இருக்கிறது, உங்களைவிட நன்றாக. சட்டத்தைத் திறங்கள்.”

“சார், உங்க உணர்ச்சி புரியுது. கமிட்டியில வெச்சு...”

“எனக்குக் கமிட்டி வேண்டாம். திருப்புளி வேண்டும்.”

பிறகு பிரேம்காரர் தன் பையைத் திறந்தார். “எனக்கும் இது உறுத்திக்கிட்டேதான் இருந்துச்சு,” என்று யாரிடமோ போலச் சொல்லிக்கொண்டு சட்டத்தைச் சுவரிலிருந்து இறக்கினார். மைத்துனனைத் தவிர நான்கு பேர் கை கொடுத்தார்கள். பின்பலகையைக் கழற்றி, சின்ன ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, மடிப்பைப் பிரித்தார்.

கறை பழுப்பாக, உள்ளங்கை நான்கை விரித்த அளவு இருந்தது. அதற்குக் கீழே ஏழு பெயர்கள், ஏழு விதமான தையலில். சில்லறை. பூனைக்கண். வாத்தியார். மின்னல். குண்டூசி. சின்னவள். கடைசியில், சிவப்பு நூலில், இரட்டைத் தையல் போட்டு, ஜட்ஜம்மா. அந்த இரட்டைத் தையலைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. என் சட்டைக்கெல்லாம் பொத்தான் அப்படித்தான் வைக்கிறாள்.

குண்டூசி ஒவ்வொரு பெயர் மேலும் விரல் வைத்தாள். “இவ போயிட்டா. இவ போயிட்டா. இவ எங்க இருக்கான்னே தெரியல. மின்னல் அந்த வருஷமே போயிட்டா. சின்னவளும் இல்ல.” தன் பெயரைத் தொட்டுவிட்டுத் தாண்டிப் போனாள். கடைசிப் பெயருக்கு வந்து, என்னைப் பார்த்தாள். அப்போதும் அந்தப் பார்வையில் மரியாதை இல்லை.

நான் டேப்பை வைத்தேன். பதினாறு அடி. அட்டையில் இருந்த “தைத்தவர்கள் யாரெனத் தெரியவில்லை” என்ற வரியைப் பேனாவால் அடித்து, ஏழு பெயரையும் எழுதி, ஆய்வுக்குச் சென்ற இடங்களில் போடுவதுபோல் தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். அதற்கு எனக்கு அதிகாரம் இல்லை என்றார் வக்கீல். இல்லைதான். ஆனால் அதை அழிக்க அன்று அவருக்கும் தைரியம் இல்லை; ஆய்வாளர்ப் பெண் அந்த அட்டையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

மைத்துனன்தான் என்னை வீட்டுக்கு அழைத்து வந்தான். வாசலில் காரை நிறுத்தி, மாடி ஜன்னலைக் கொஞ்ச நேரம் பார்த்தான். மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. இறங்காமல் போய்விட்டான். நிச்சயதார்த்தத்துக்கு எனக்கு அழைப்பு வரவில்லை. வராவிட்டால் போகட்டும்.

நான் மேலே போனேன். அவள் தலை நிமிராமல் கேட்டாள்.

“எவ்ளோ இருந்துச்சு?”

“பதினாறு அடி.”

“பேரு?”

“ஏழும் இருக்கு. எல்லாரும் பாத்தாங்க. நீ இருக்கறதையும் சொல்லிட்டேன்.”

மெஷின் நின்றது. “யார்கிட்ட?”

“எல்லார்கிட்டயும். பேர் சொன்னேன், முறை சொன்னேன்.”

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். “நாற்பத்தெட்டு வருஷம் லேட்டு,” என்றாள். அதோடு சரி. மன்னித்ததாகச் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

இத்தனையும் நடந்த பிறகு, போன வாரம் சங்கத்தின் செய்தி மடல் வந்தது. வக்கீல் எழுதியிருக்கிறார்: “விழாவில், மறைந்த ஜட்ஜம்மாவின் மூத்த சகோதரர் உணர்ச்சிவசப்பட்டுக் கண்ணாடியை உடைத்தார். அவரது துயரத்தைச் சங்கம் பகிர்ந்துகொள்கிறது.” உறவினர்களும் இப்போது அதைப் பிடித்துக்கொண்டார்கள். கிழவனுக்கு மனைவி போன துக்கத்தில் புத்தி பிசகிவிட்டது, செத்துப்போன தம்பி மாடியில் இருப்பதாகச் சொல்கிறான் என்று பேச்சு.

கண்ணாடி உடையவில்லை. பிரேம்காரரைக் கேட்கலாம்.

எனக்குத் தம்பி கிடையாது. ஒரு தங்கை. அவள் இறந்துவிட்டாள் என்ற செய்தியைக் கிளப்பியவன் நான். அது பொய். அவள் உயிரோடு இருக்கிறாள்.